வீட்டுக்கடன் வட்டியை எப்போது பூட்டுவது? புதுச்சேரி, கடலூர்க்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

புதுச்சேரியில் வீடு வாங்கக் கிளம்பும் குடும்பங்களில் பலவற்றுக்கு வெளிநாட்டில் ஒரு உறவு இருக்கும். பிரான்ஸில் சித்தப்பா, அமெரிக்காவில் மச்சான் என்று யாராவது. வீட்டுக்கடன் என்று காதில் விழுந்ததும் அவர்கள் சொல்கிற முதல் வார்த்தை, "ரேட்டை லாக் பண்ணிடு." அக்கறையில்தான் சொல்கிறார்கள். அவர்கள் ஊருக்கு அது சரியும்கூட.

அமெரிக்காவில் 30, 45, 60 நாள் என்று வட்டியைப் பூட்டிவைக்க வங்கியிடம் எழுதி வாங்கிக்கொள்ளலாம். பூட்டிய வட்டி முப்பது வருஷமும் மாறாது. பிரான்ஸில் பெரும்பாலான வீட்டுக்கடன் நிலையான வட்டிதான். வங்கி கொடுத்த கடன் உறுதிமொழியைக் குறைந்தது 30 நாள் மாற்றக் கூடாது. வாங்குகிறவரும் பத்து நாள் யோசித்த பிறகுதான் ஒப்புக்கொள்ள முடியும் என்று சட்டமே இருக்கிறது. அங்கே எந்த வாரம் கையெழுத்து போடுகிறோம் என்பது இருபது வருஷக் கணக்கைத் தீர்மானிக்கும்.

நம் ஊரில் அப்படி இல்லை. இங்கே வங்கிகள் கொடுக்கும் வீட்டுக்கடன் பெரும்பாலும் ஃப்ளோட்டிங், அதாவது மாறும் வட்டி. வங்கிகளுக்குத் தான் கடன் கொடுக்கும் வட்டியான ரெப்போவை ரிசர்வ் வங்கி ஏற்றினால் ஏறும், இறக்கினால் இறங்கும். அதை யாராலும் பூட்ட முடியாது. ஆனால் வட்டியின் இன்னொரு பாகத்தைப் பெருமளவுக்குப் பூட்டலாம். அதைக் கவனிக்காமல் மார்க்கெட்டையே பார்த்துக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருக்கிறவர்கள்தான் அதிகம். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

படி 1: உங்கள் வட்டியை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள்

2019 அக்டோபர் 1 முதல், வங்கிகள் புதிதாகக் கொடுக்கும் ஃப்ளோட்டிங் வீட்டுக்கடனை வெளியிலுள்ள ஓர் அளவுகோலோடு இணைத்தே ஆக வேண்டும். பெரும்பாலான வங்கிகள் ரெப்போவோடு இணைத்திருக்கின்றன. ஆகவே உங்கள் வட்டி என்பது ரெப்போவும் அதன்மேல் வங்கி வைக்கும் ஸ்ப்ரெட்டும் சேர்ந்த தொகை. 2025 டிசம்பரில் ரெப்போ 5.25 சதவீதத்துக்கு வந்தது. அதன்மேல் ஸ்ப்ரெட் 2.50 என்றால் உங்கள் வட்டி 7.75.

ரெப்போ மாறினால் அதிகபட்சம் மூன்று மாதத்துக்குள் உங்கள் கணக்கில் அந்த மாற்றம் வந்துவிட வேண்டும். ஸ்ப்ரெட் அப்படியல்ல. அதில் உங்கள் கடன் நம்பகத்தன்மைக்காக வைத்த பங்கை, உங்கள் நிலைமை பெரிதாக மாறினால் ஒழிய வங்கி தொடக் கூடாது. மற்ற பங்கையும் மூன்று வருஷத்துக்கு ஒருமுறைதான் மாற்றலாம். 2025 அக்டோபர் 1 முதல் ஒரு சலுகை சேர்ந்தது: வாடிக்கையாளருக்குச் சாதகமாகக் குறைப்பதென்றால் மூன்று வருஷம் காத்திருக்க வேண்டியதில்லை. ஏற்றுவதற்கு இந்தச் சலுகை கிடையாது.

இதுதான் நம் ஊர் லாக். கையெழுத்து போடும் நாளில் நீங்கள் பூட்டுவது ஸ்ப்ரெட்டை.

அதன் மதிப்பைப் பாருங்கள். 30 லட்சம், 20 வருஷம். ஒரு வங்கி 2.25 ஸ்ப்ரெட்டில் 7.50 என்கிறது, இன்னொன்று 2.75-ல் 8.00 என்கிறது. முதலாவதில் இஎம்ஐ 24,168 ரூபாய், இரண்டாவதில் 25,093. மாதம் 925 ரூபாய் வித்தியாசம், 240 மாதத்துக்கு 2,22,000. வங்கிகள் ஸ்ப்ரெட்டை மாற்றாத வரை, ரெப்போ எங்கே போனாலும் இந்த அரை சதவீத இடைவெளி கூடவே வரும்.

வீட்டுவசதி நிறுவனங்களும் என்பிஎஃப்சிகளும் (வங்கியல்லாத நிதி நிறுவனங்கள்) இந்த ரெப்போ விதிக்குள் வராது. அவை தங்கள் சொந்த அடிப்படை விகிதத்தை வைத்துக் கணக்குப் போடுகின்றன. நெல்லிக்குப்பம், பண்ருட்டிப் பக்கம் கரும்பு, முந்திரி வருமானத்தைக் காட்டிக் கடன் கேட்பவர்களும், சம்பளச் சீட்டு இல்லாத கடைக்காரர்களும் இவற்றிடம்தான் அதிகம் போகிறார்கள். அங்கே "ரெப்போ குறைந்ததே, என் வட்டி ஏன் குறையவில்லை" என்று கேட்டால் நேரான பதில் கிடைக்காது. வேறு வழி இருந்தால் வங்கியையே முதலில் முயலுங்கள் என்பதுதான் என் கருத்து.

படி 2: "அடுத்த ரிசர்வ் வங்கி மீட்டிங் முடியட்டும்" என்று காத்திருக்க வேண்டுமா?

லாஸ்பேட்டையில் ஃபிளாட் பார்த்த ஒரு தம்பதி கேட்டார்கள்: "சார், ரெப்போ இன்னும் குறையும்கிறாங்களே, ரெண்டு மாசம் பொறுத்துக் கையெழுத்து போட்டா லாபம்தானே?"

ரெப்போவோடு இணைந்த ஃப்ளோட்டிங் கடனில் அந்தக் காத்திருப்பால் கிடைப்பது ஒன்றுமில்லை. இன்றைக்குக் கையெழுத்து போட்டாலும், இரண்டு மாதம் கழித்து ரெப்போ குறைந்தால், வங்கி வட்டியைத் திருத்தும் அடுத்த ரீசெட்டில் அது உங்களுக்கும் வந்துவிடும். ஏறினாலும் அப்படித்தான். முந்திக்கொண்டதால் ஏற்றத்திலிருந்து தப்ப முடியாது.

காத்திருப்பதில் ஒரு ஆபத்தும் உண்டு. ரெப்போ இறங்கும் காலத்தில் பழைய வாடிக்கையாளர்களின் வட்டி தானாக இறங்கும், வங்கியின் வருமானம் குறையும். டெபாசிட் வட்டியை அதே வேகத்தில் குறைக்க முடியாது. அந்த நெருக்கடியில் வங்கிகள் கை வைக்கக்கூடிய இடம் புதிதாக வருகிறவர்களின் ஸ்ப்ரெட். ரெப்போ கால் சதவீதம் குறைந்த பிறகு நீங்கள் போனால், ஸ்ப்ரெட் கால் சதவீதம் ஏறியிருக்கலாம். விளம்பரத்தில் தெரிவது அதே 7.75-ஆக இருக்கும். முன்பே கையெழுத்து போட்டவர் 7.50 கட்டிக்கொண்டிருப்பார்.

ஆகவே ஃப்ளோட்டிங் கடனுக்கு என் விதி எளியது. வீடு பிடித்திருக்கிறது, வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறது, ஸ்ப்ரெட் நல்லது என்றால் அன்றே முடியுங்கள். மார்க்கெட்டைப் பார்த்துக் காத்திருப்பதற்கு அர்த்தம் உள்ள இடம் ஃபிக்ஸட், அதாவது நிலையான வட்டிக் கடன் ஒன்றுதான்.

படி 3: ரிசர்வ் வங்கி நாள்காட்டியும் நம் வீட்டு நாள்காட்டியும்

ரெப்போவை முடிவு செய்யும் ரிசர்வ் வங்கியின் பணக் கொள்கைக் குழுவில் ஆறு பேர். கவர்னர் தலைமையில் ஏறக்குறைய இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடுகிறார்கள். நிதியாண்டுக்கான தேதிகளை முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். முடிவை கவர்னர் காலை பத்து மணிக்குப் படிப்பார். வழக்கமாக ஏப்ரல், ஜூன், ஆகஸ்ட், அக்டோபர், டிசம்பர், பிப்ரவரி.

நம்மவர்கள் ஆடியிலும் மார்கழியிலும் பத்திரம் பதிய மாட்டார்கள். ஆகஸ்ட் முதல் வாரக் கூட்டம் பெரும்பாலும் ஆடிக்குள் விழும். ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு ரிஜிஸ்திரார் ஆபீஸ் போகிறவர்களுக்கு அந்த முடிவு கையில் இருக்கும். டிசம்பர் கூட்டம் கார்த்திகையில் முடிந்துவிடும். தை பிறந்து பதிகிறவர்களுக்கு அடுத்த கூட்டம் பிப்ரவரியில்தான். சாஸ்திரத்துக்காக ஒதுக்கும் அந்த ஒரு மாதத்தை நான்கு வங்கிகளின் ஸ்ப்ரெட்டை எழுத்தில் வாங்கி ஒப்பிடப் பயன்படுத்துங்கள். அந்த வேலைக்கு நல்ல நேரம் பார்க்க வேண்டியதில்லை.

ஃபிக்ஸட் கடன் யோசிக்கிறவர்கள் இன்னும் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, மாதாமாதம் 12-ம் தேதி வாக்கில் வரும் சில்லறை விலைவாசிப் புள்ளி. ரிசர்வ் வங்கியின் இலக்கு 4 சதவீதம், இரு பக்கமும் 2 சதவீதம் இடம் உண்டு. இரண்டு, குழுவின் நிலைப்பாடு. 2025 ஏப்ரலில் தளர்வான நிலைப்பாடு என்றவர்கள், ஜூனில் ரெப்போவை அரை சதவீதம் வெட்டிய கையோடு நடுநிலை என்று மாற்றினார்கள். இனி எளிதில் குறைக்க மாட்டோம் என்பதற்கு அதைவிடத் தெளிவான அறிகுறி வேண்டாம். மூன்றாவது, பத்தாண்டு அரசுப் பத்திரத்தின் ஈட்டு விகிதம், அதாவது அரசு வாங்கும் கடனுக்குச் சந்தை கேட்கும் வட்டி. ஃபிக்ஸட் வட்டி ரெப்போவைவிட இதைத்தான் அதிகம் ஒட்டிப் போகும். 2022 தொடக்கத்தில் ஆறரை சதவீத வாக்கில் இருந்த அது, ரெப்போ முதலில் ஏறிய மே 4-க்கு முன்பே ஏழைத் தாண்டியிருந்தது. முதல் ரெப்போ ஏற்றம் வந்த பிறகு ஃபிக்ஸட் கேட்டுப் போனவர்கள் தாமதமாகப் போனவர்கள்.

அந்த மே 4 கூட்டம் அட்டவணையிலேயே இல்லாதது. 2020 மார்ச் 27, மே 22 வெட்டுகளும் அப்படி அவசரமாக வந்தவைதான். அட்டவணையை நம்பி ஒரு நாள் இடைவெளியில் காய் நகர்த்தலாம் என்று நினைக்காதீர்கள்.

படி 4: சாங்ஷன் லெட்டருக்கும் பணம் வருவதற்கும் இடையில்

வங்கியின் கடன் ஒப்புதல் கடிதமான சாங்ஷன் லெட்டர் கையில் வந்ததும் வட்டி உறுதியாகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அதன் கீழ்ப்பகுதியைப் படியுங்கள். பணம் வழங்கும் நாளில் நடப்பிலுள்ள வட்டியே பொருந்தும் என்று ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். லெட்டருக்கே ஆயுள் மூன்று முதல் ஆறு மாதம்தான். அதற்குள் முதல் தவணைப் பணம் வாங்காவிட்டால் புதிதாக விண்ணப்பம், புதிய ஸ்ப்ரெட்.

நம் கடலோரத்தில் இது வெறும் எழுத்துச் சிக்கல் அல்ல. சொந்த மனையில் கட்டுகிறவர்களுக்கு பேஸ்மட்டம், லிண்டல், ரூஃப் என்று கட்டம் கட்டமாகத்தான் பணம் வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வேலை நிற்கும். 2011 டிசம்பர் 30-ல் 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. ஆவணியில் சாங்ஷன் வாங்கிவிட்டு அஸ்திவாரத்தைத் தள்ளிப்போட்டால், மழை முடிந்து திரும்பும்போது லெட்டர் காலாவதியாகி இருக்கலாம். மழைக்கு முன் பேஸ்மட்டம் முடித்து முதல் தவணையை வாங்கிவிடுங்கள். கணக்கு திறந்துவிட்டால் ஸ்ப்ரெட் உங்களுடையது.

வங்கியை உண்மையிலேயே கட்டிப்போடும் தாள் ஒன்று இருக்கிறது. 2024 அக்டோபர் 1 முதல் எல்லாச் சில்லறைக் கடனுக்கும் முக்கிய விவரத் தாள் கொடுக்க வேண்டும். வங்கிக்காரர்கள் கேஎஃப்எஸ் என்பார்கள். அந்தத் தாள் குறைந்தது மூன்று வேலை நாள் செல்லுபடியாகும். அதற்குள் நீங்கள் ஒப்புக்கொண்டால் அதில் எழுதிய நிபந்தனைகளுக்கு வங்கி கட்டுப்பட்டே ஆக வேண்டும். வாங்குகிறவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்பதும் விதி, தமிழில் கேட்டு வாங்குங்கள்.

அந்தத் தாளில் நேராகப் போய்ப் பார்க்க வேண்டிய இடங்கள்: எந்த அளவுகோல், அதன் இன்றைய மதிப்பு, ஸ்ப்ரெட், இவை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாறும். அதன் பக்கத்திலேயே, வட்டி கால் சதவீதம் மாறினால் இஎம்ஐ எவ்வளவு மாறும், தவணை எத்தனை கூடும் என்று இரண்டு எண்கள் இருக்கும். 30 லட்சம் கடனில் 7.75 என்பது 8.00 ஆனால் இஎம்ஐ 24,628-லிருந்து 25,093 ஆகும், 465 ரூபாய் அதிகம். உங்கள் தாளில் அந்த இடம் காலியாக இருந்தால் நிரப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். செயல்முறைக் கட்டணம், வக்கீல் கருத்து, மதிப்பீட்டுக் கட்டணம், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்த ஆண்டு மொத்தச் செலவு விகிதமும் அதிலேயே இருக்கும். இரண்டு வங்கிகளை அந்த எண்ணை வைத்து ஒப்பிடுங்கள், ஃபிளக்ஸ் போர்டில் போட்ட எண்ணை வைத்து அல்ல.

ஸ்ப்ரெட் பேரத்துக்கு உங்கள் கையில் இருக்கும் பெரிய ஆயுதம் சிபில் ஸ்கோர், கடன்களை எப்படிக் கட்டினீர்கள் என்பதற்கான மதிப்பெண். விண்ணப்பிக்க மூன்று மாதம் முன்பே அறிக்கையை எடுத்துப் பாருங்கள், வருஷத்துக்கு ஒருமுறை இலவசம். கட்டி முடித்த நகைக்கடனோ பைக் லோனோ இன்னும் பாக்கி என்று காட்டினால் திருத்தச் சொல்லுங்கள். இன்னொரு வங்கியின் கேஎஃப்எஸ்ஸை மேஜைமேல் வைத்துக் கேட்டால் கொஞ்சமாவது இறங்குவார்கள்.

படி 5: ஃபிக்ஸட் எடுக்கலாமா? ஒரு பயமும் ஒரு கணக்கும்

ஃபிக்ஸட் கேட்டு வருகிறவர்களின் பயம் நியாயமானது. 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரெப்போ 4.00-லிருந்து 6.50 ஆனது. அதை ஒரு குடும்பத்தின் கணக்கில் வைத்துப் பாருங்கள்.

2022 ஏப்ரலில் ஒருவர் 30 லட்சத்தை 6.75 வட்டியில் 20 வருஷத்துக்கு எடுக்கிறார். இஎம்ஐ 22,811. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரீசெட். வட்டி ஜூலையில் 7.65, அக்டோபரில் 8.65, ஜனவரியில் 9.00, 2023 ஏப்ரலில் 9.25. இஎம்ஐயைத் தொடாமல் விட்டிருந்தால், ஒரு வருஷம் முழுக்கக் கட்டிய பிறகும் அசல் பாக்கி 29.65 லட்சத்துக்குச் சற்றுக் கீழே. அந்த மாத வட்டி மட்டும் 22,850 ரூபாய் சுமார். கட்டும் 22,811 வட்டிக்கே பத்தாது. அசல் வளர ஆரம்பிக்கும். இந்த நிலை வரக் கூடாது என்றும், ரீசெட்டின்போது இஎம்ஐயை ஏற்றுவதா தவணைக் காலத்தை நீட்டுவதா என்று வாடிக்கையாளரைக் கேட்க வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் சுற்றறிக்கை விட்டதற்கு இதுதான் பின்னணி.

இப்போது ஃபிக்ஸடின் விலையைப் பார்ப்போம். உதாரணத்துக்கு ஃப்ளோட்டிங் 7.75, ஃபிக்ஸட் 9.25 என்று வைத்துக்கொள்ளுங்கள். இஎம்ஐ 24,628-க்குப் பதில் 27,476. மாதம் 2,848, வருஷத்துக்கு 34,176 ரூபாய் அதிகம். வட்டி ஒன்றரை சதவீதத்துக்கும் மேல் ஏறி, ஏறிய இடத்திலேயே பல வருஷம் நின்றால்தான் அந்தப் பணம் திரும்பும். 2023-ல் 6.50-க்கு ஏறிய ரெப்போ இரண்டு வருஷம் அங்கேயே நின்றுவிட்டு, 2025-ல் நான்கு முறை வெட்டப்பட்டு 5.25-க்கு வந்தது.

நான் பரிந்துரைப்பது மூன்றாவது வழி. ஃப்ளோட்டிங் கடன் எடுங்கள், இஎம்ஐயை மட்டும் ஃபிக்ஸட் கணக்கில் கட்டுங்கள். அதே 7.75 கடனுக்கு மாதம் 27,476 கட்டினால், வட்டி மாறாத வரை கடன் 240 மாதத்துக்குப் பதில் 190 மாதத்தில் முடியும். நடுவில் வட்டி 9.25-க்கே ஏறினாலும் நீங்கள் கட்டும் தொகை மாற வேண்டியதில்லை. தனிநபர் ஃப்ளோட்டிங் வீட்டுக்கடனில் முன்கூட்டிக் கட்ட அபராதமும் கிடையாது. ஒரு மாதம் முடியவில்லை என்றால் வங்கி போட்ட 24,628 இஎம்ஐக்கே திரும்பிக்கொள்ளலாம். ஃபிக்ஸட் கடனில் இந்த வசதி இல்லை.

அந்தக் கூடுதல் 2,848 ரூபாயை உங்கள் பட்ஜெட்டில் எடுத்துவைக்கவே முடியாது என்றால், வட்டியை விடுங்கள், கடன் தொகையே பெரிதாகிவிட்டது என்று அர்த்தம்.

ஃபிக்ஸட் சரியாக இருக்கும் குடும்பங்களும் உண்டு. ஓய்வு பெற ஐந்தாறு வருஷமே இருக்கிற அரசு ஊழியர், கடன் காலமும் அவ்வளவுதான், வித்தியாசம் அரை சதவீதத்துக்குள் இருக்கிறது என்றால் எடுக்கலாம். நேரம் என்று பார்த்தால், ரெப்போ பல முறை வெட்டப்பட்டு, நிலைப்பாடு நடுநிலைக்கு வந்து, விலைவாசி தலை தூக்கும் முன் எடுக்க வேண்டும். கையெழுத்துக்கு முன் இரண்டைக் கேளுங்கள். முழுக் காலத்துக்கும் ஃபிக்ஸடா, அல்லது மூன்று, ஐந்து வருஷம் கழித்து மாற்றும் ஷரத்து இருக்கிறதா? அப்படி மாறும்போது எந்த அளவுகோல், எந்த ஸ்ப்ரெட் என்று இன்றே எழுதியிருக்கிறதா? பின்னது இல்லையென்றால் அந்தக் கடனைத் தொடாதீர்கள். முன்கூட்டி அடைத்தால் என்ன கட்டணம் என்பதும் எழுத்தில் வேண்டும்.

படி 6: ஏற்கெனவே கடன் வைத்திருப்பவர்களுக்கு

2019 அக்டோபருக்கு முன் எடுத்தவர்கள் முதலில் பாஸ்புக்கையோ வங்கி ஆப்பையோ பார்த்து, கடன் எம்சிஎல்ஆரிலா, பழைய பேஸ் ரேட்டிலா (இரண்டும் வங்கி தானே கணக்கிடும் அடிப்படை விகிதங்கள்) என்று தெரிந்துகொள்ளுங்கள். இரண்டில் எதுவானாலும் ரெப்போவுக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.

ரெப்போ கடன் வைத்திருப்பவர்கள் ஸ்ப்ரெட்டை இன்றைய புதிய வாடிக்கையாளருடையதோடு ஒப்பிடுங்கள். கால் சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால், 2025 அக்டோபர் விதியைச் சொல்லிக் குறைக்கக் கேளுங்கள். இது வங்கியின் விருப்பத்துக்கு விட்ட விஷயம், உரிமையாகக் கோர முடியாது. ஆனால் இன்னொரு வங்கியின் சாங்ஷன் கையில் இருக்கும்போது அவர்கள் விருப்பம் சீக்கிரம் வரும்.

டேக் ஓவர், அதாவது கடனை வேறு வங்கிக்கு மாற்றுவதென்றால் புதிய செயல்முறைக் கட்டணம், வக்கீல், மதிப்பீடு, பழைய எம்ஓடியை (வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைத்த பதிவு) ரத்து செய்து புதிதாகப் பதியும் செலவு எல்லாவற்றையும் கூட்டுங்கள். அந்த மொத்தத்தை மாதாந்தர மிச்சத்தால் வகுத்தால் வருவது 18 மாதத்துக்கு மேல் போனால் நான் மாற்றச் சொல்ல மாட்டேன். கடனின் கடைசி ஐந்து வருஷத்தில் இருப்பவர்களும் மாறிப் பயனில்லை, வட்டியின் பெரும்பகுதியைக் கட்டி முடித்திருப்பார்கள்.

ரீசெட் எஸ்எம்எஸ் வரும் ஒவ்வொரு முறையும் இரண்டு எண்களைக் குறித்து வையுங்கள்: மீதி அசல், மீதித் தவணை. வட்டி ஏறிய சமயத்தில் சில வங்கிகள் இஎம்ஐயைத் தொடாமல் தவணையை மட்டும் நீட்டிவிடும். பாக்கெட்டில் வலி தெரியாது, இருபது வருஷக் கடன் இருபத்தாறு வருஷம் ஆகியிருக்கும். இஎம்ஐயை ஏற்றிக்கொள்கிறேன், காலத்தை நீட்டாதீர்கள் என்று கிளைக்கு எழுதிக் கொடுத்து, தேதி போட்ட முத்திரையுடன் ஒரு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். வட்டி இறங்கும்போதும் வங்கி இஎம்ஐயைக் குறைக்கவா என்று கேட்டால், வேண்டாம், பழைய இஎம்ஐயே இருக்கட்டும் என்று சொல்லிவிடுங்கள்.